கஷாயத்துக்கும் அளவு உண்டு, அதையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ஆயுர்வேத முறையில் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. சீந்தில், அமுக்கரா, அதிமதுரம், திப்பிலி, நெல்லிக்காய் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கீழே "தினமும் எடுத்துக்கொள்ளலாம்" என்று முடித்திருந்தீர்கள். எவ்வளவு, எத்தனை நாள், யார் தொடவே கூடாது என்று பக்கம் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆயுர்வேதத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சுக்கு, மிளகு, சித்தரத்தை, ஓமம் எல்லாம் தனி டப்பாவில் இருக்கும். சளி என்றால் முதலில் கஷாயம், மூன்று நாளில் போகவில்லை என்றால்தான் டாக்டர். கோவையில் இருப்பவர்களுக்கு ஆயுர்வேதம் அந்நியமும் இல்லை, பாலக்காடு பக்கத்திலேயே இருக்கிறது.

போன வருடம் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வறட்டு இருமல் ஒன்று விடாமல் இருந்தது, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பைப் பார்த்து நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் கால் கிலோ வாங்கி வரச் சொன்னார், நான்தான் வாங்கி வந்தேன். மிக்ஸியில் பொடித்து, தினமும் காலையும் மாலையும் ஒரு பெரிய டம்ளர் கொதிக்க வைத்துக் குடித்தார். நாலு நாளில் இருமல் போய்விட்டது. ஆனால் கஷாயம் போகவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, காபியில் சர்க்கரை போடக் கூடாது, அதிமதுரமோ இயற்கையாகவே தித்திக்கும். "சர்க்கரையும் இல்ல, தித்திப்பும் கிடைக்குது, எதிர்ப்புச் சக்தியும் ஏறுது, இதை எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு நாள் செருப்புப் போட முடியவில்லை என்றார். பார்த்தால் இரண்டு காலும் வீங்கியிருந்தது, கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாடிப்படி ஏறினால் தொடை துவண்டுபோகிறது என்று வேறு சொன்னார். வழக்கமாக 130க்குப் பக்கத்தில் நிற்கிற ரத்த அழுத்தம் 180க்கு மேல். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8, குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். டாக்டர் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டதற்கு அம்மா சட்டென்று "ஒன்றும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது மருந்தே இல்லை! நான்தான் சந்தேகத்தில் கஷாயத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதிமதுரமா, எத்தனை நாளாக?" என்றார்.

அப்புறம்தான் விவரம் புரிந்தது. அதிமதுரத்தின் அந்தத் தித்திப்புக்குக் காரணமான பொருளே நாள்கணக்கில் உள்ளே போனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். அம்மா ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது, அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கக் கூடியது. இரண்டும் சேர்ந்துகொண்டன. இது ஏதோ அபூர்வமான விஷயமும் இல்லை, மருத்துவப் பாடப் புத்தகத்திலேயே இருப்பது என்றார் டாக்டர். கஷாயத்தை நிறுத்தி, பொட்டாசியத்துக்கு மருந்து கொடுத்து, சில வாரங்களில் சரியானது.

சரி, இதில் ஆயுர்வேதத்தின் தப்பு எங்கே? எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய் இதைச் சொன்னபோது எங்களைத்தான் திட்டினார். நோய் எதிர்ப்பு என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்னால் அவர் அம்மாவிடம் பசி எப்படி, மலம் எப்படி, ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டார். ரசாயன மருந்துகள் (இங்கே ரசாயனம் என்றால் கெமிக்கல் இல்லை, உடம்பைத் தேற்றுகிற மருந்து) ஆளையும் வயதையும் செரிமானத்தையும் பார்த்துக் கொடுப்பவை என்றார். உடம்பைச் சுத்தி செய்யாமல் ரசாயனம் கொடுப்பது அழுக்குத் துணிக்குச் சாயம் ஏற்றுவது மாதிரி என்று அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலிலேயே இருக்கிறதாம். உங்கள் பக்கத்தில் சாயம் மட்டும் வாளி வாளியாக இருந்தது.

திப்பிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி, தொடர்ந்து உபயோகிக்கக் கூடாத பொருள்கள் மூன்று என்று ஆயுர்வேதத்தின் மூல நூலான சரக சம்ஹிதையில் விமான ஸ்தானம் என்ற பகுதி சொல்கிறது: திப்பிலி, க்ஷாரம் (சாம்பலிலிருந்து எடுக்கிற காரப் பொருள்), உப்பு. திப்பிலிதான் முதல் பெயர். அதே நூல் திப்பிலியை ரசாயனமாகவும் சொல்கிறது, ஆனால் எப்படி? நாளுக்கு நாள் எண்ணிக்கையை ஏற்றி, பிறகு அதே கணக்கில் இறக்கி, நிறுத்திவிட வேண்டும். நாள் கணக்கே இல்லாமல் "தினமும் எடுத்துக்கொள்ளலாம்" என்று உங்கள் பக்கத்தில் போட்டது எந்த ஆயுர்வேதம்? தேனைச் சூடாக்கக் கூடாது என்பதும் ஆயுர்வேதத்தில் பாலபாடம், நீங்களோ கொதிக்கிற கஷாயத்தில் தேனை ஊற்றுகிற படம் போட்டிருக்கிறீர்கள்.

சீந்தில் விஷயம் இன்னும் கொஞ்சம் தீவிரமானது. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் ஓடியது ஞாபகம் இருக்கும். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்து நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. இவர்களில் பலருக்கு வந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்குகிற மாதிரியான அழற்சி. ஆயுர்வேதம், சித்தா போன்றவற்றைக் கவனிக்கிற மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, சரியான சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கிற இன்னொரு கொடி மாறிப் போயிருக்கலாம் என்றது. அந்த இன்னொன்றின் தண்டு முண்டும் முடிச்சுமாக இருக்கும். இருக்கட்டும், காய்ந்து நறுக்கிய துண்டாகவோ பொடியாகவோ கடையில் வாங்குகிற நான் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது? யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் முடக்குவாதம், லூபஸ் மாதிரி, எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தறிகெட்டுப் போய்த் தன் உடம்பையே தாக்குகிற நோய் உள்ளவர்களும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள். "எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுங்கள்" என்பது அவர்களுக்கு நல்ல செய்தி இல்லை.

2020 மார்ச் கடைசியில் ஆயுஷ் அமைச்சகம் போட்ட குறிப்பையே பாருங்கள். சியவனப்பிராசம் காலையில் 10 கிராம், சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை சேர்க்காததை எடுக்க வேண்டும். மஞ்சள் பால் என்றால் 150 மில்லி பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. அவ்வளவுதான், இரண்டு வரி. உங்கள் பக்கத்தில் நெல்லிக்காய் லேகியத்துக்கு "குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை விரும்பும் அளவு" என்று இருந்தது. லேகியம் என்பது வெல்லமோ சர்க்கரையோ போட்டுக் கிண்டுவது ஐயா, என் அம்மா அதைப் படித்திருந்தால் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, கபசுரக் குடிநீரையும் நிலவேம்புக் குடிநீரையும் ஆயுர்வேதத்தில் சேர்த்துவிட்டீர்கள். இரண்டும் சித்த மருந்துகள். தமிழ்ப் பேப்பரில் இந்தக் குழப்பம் வரலாமா?

அடுத்த தடவை இப்படிப் பக்கம் போடும்போது படத்தில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் அளவையும் நாள் கணக்கையும் போடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. டாக்டர் கேட்டால் கஷாயத்தையும் மருந்தாகச் சொல்லுங்கள் என்று இன்னொரு வரி. பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னால் போதும், அவர்களே சிவப்பு மையில் திருத்தித் தருவார்கள்.

மிச்சம் இருந்த அதிமதுரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. இப்போது சாயங்காலத்தில் சுக்குமல்லிக் காபி, சர்க்கரை இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, பேப்பரில் என் வயசைப் போட்டுவிடாதே என்றார், அதனால் போடவில்லை.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வாசகி