கனிமப் பெட்டி போதாது, களத்துக்குக் கூட்டிப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் களப்பயணங்கள் குறைந்துவருவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். கட்டுரை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாகப் பேசியது. நான் நிலவியல் மாணவர்களைப் பற்றி, அதிலும் காவிரி டெல்டாவிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கனிமம் சேகரிக்கப் போகும் பயணம் இந்த ஆண்டு அவர்கள் வகுப்புக்குக் கிடையாதாம். பேருந்துச் செலவு, பாதுகாப்பு, அனுமதி என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். பதிலுக்கு, விலைக்கு வாங்கிய கனிமப் பெட்டி ஒன்றை ஆய்வகத்தில் வைத்து, எண் ஒட்டிய துண்டுகளுக்குப் பெயர் எழுதச் சொன்னார்களாம். எல்லாவற்றுக்கும் சரியாக எழுதிவிட்டாள். அப்புறம் என்னிடம் வந்து, "தாத்தா, இந்த ஜிப்சம் பூமிக்குள்ள எப்படி இருக்கும்? பாறையாவா, மண்ணோட கலந்தா?" என்று கேட்டாள்.

அவர்கள் வீட்டுக் களர் நிலத்தைத் திருத்த மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டதைச் சிறு வயதிலேயே பார்த்தவள் அவள். அது மண்ணில் எப்படிக் கிடக்கும் என்பதைக் கொள்ளிடத்தைத் தாண்டிப் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் போனால் ஒரு பகலில் பார்த்துவிடலாம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் அங்கே ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடக்கிறது. அந்தக் களிமண் வெடிப்புகளில் ஜிப்சம் தகடு தகடாக இருக்கும். கையில் எடுத்து நகத்தால் கீறினால் கோடு விழும். களிமண் அடுக்குகளை ஜிப்சம் குறுக்கே வெட்டிப் போகும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, "இதில் எது முதலில் வந்தது?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, களிமண்தான் முதலில், ஜிப்சம் பிறகு என்று அவர்களே சொல்வார்கள். பெட்டியில் இருக்கும் துண்டிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இன்னொன்று. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் வெளிறிய துண்டு ஒன்றையும், சேலத்தில் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டையும் பக்கத்தில் வைத்தால், புதிதாகப் பார்ப்பவர் இரண்டும் ஒன்று என்பார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். மேக்னசைட் பேசாமல் இருக்கும், பொடித்தோ அமிலத்தைச் சூடாக்கியோ விட்டால்தான் நுரை வரும். தானே உடைத்தெடுத்த கல்லில் இதைச் செய்து பார்த்த பிள்ளைக்குப் பரீட்சை முடிந்த பிறகும் மறக்காது.

டெல்டாப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. நம் ஊரில் எங்கே தோண்டினாலும் வண்டல், அதன் கீழே மணல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வேண்டிய கருங்கல்லே வெளியிலிருந்துதான் வந்தது. மதுரை, சேலம் பக்கத்துப் பிள்ளை வீட்டு வாசலிலேயே பாறையைப் பார்த்து வளர்கிறது. நம் பிள்ளைக்கு அது முதல் தடவையாகக் கல்லூரிப் பயணத்தில்தான் வாய்க்கிறது. அதையும் நிறுத்தினால் எப்படி?

செலவு கட்டாது என்றால் பக்கத்திலேயே தொடங்கலாம். வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு கனசதுரப் படிகமாக விளைவதை லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் என்பதை எல்லாரும் படித்திருக்கிறோம், உப்பும் ஒரு கனிமம் என்பதை அங்கே நின்று சொல்லிக்கொடுக்கலாம். தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் செம்புறாங்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்ய உதவிய படிகக் கல்லும் வல்லத்துக் கல்தான். பூம்புகார், தரங்கம்பாடிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் கறுப்பு, சிவப்பு மணலில் ஒரு சிட்டிகை எடுத்தால் கறுப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட் என்ற கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு சிட்டிகை போதும். கடற்கரைத் தாது மணலை மூட்டை கட்டுவது சட்டப்படியும் தவறு.

பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது, அதை நான் தள்ளிப் பேசவில்லை. கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, விளிம்பு சரியும். அங்கே மாணவர்களை இறக்கவே கூடாது. நடப்பில் உள்ள சுரங்கத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கி, வெட்டிக் குவித்த கழிவுக் குவியலில் பொறுக்கச் சொன்னால் போதும். சுத்தியல் அடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடாத மாணவர்களை ஆசிரியர் ஒதுக்கி நிறுத்த வேண்டும். வெயில் ஏறும் சித்திரையை விட்டுவிட்டுத் தை, மாசியில் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காரை ஓடைகள் புதிதாக அரித்து நன்றாகத் திறந்திருக்கும்.

சேகரிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். எடுத்த இடத்திலேயே சீட்டு எழுதி, ஊர், நாள், எந்த அடுக்கு என்று குறிக்காத கல் ஆய்வகத்துக்குப் பயன்படாது. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கிடக்கும், மரமே கல்லாக மாறிய சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் போன்றவற்றில் கை வைக்கவே கூடாது. 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது அது. அடுத்து வருகிற வகுப்புகளும் பார்க்க வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான்: களக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வையுங்கள், பயணம் தானாக நடக்கும். ஒரே கல்லூரியால் பேருந்துச் செலவைத் தாங்க முடியாவிட்டால் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து போங்கள். வருகிற தை மாதத்தில் எந்தக் கல்லூரி காரைக்குக் கிளம்பினாலும், கூட வந்து இடம் காட்டித் தர நான் தயார். கைச்செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
கும்பகோணம்.