அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு

பிளேனோ, டெக்சஸ்
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறீர்களா? குனிந்து கோலம் போட அம்மாவை விடாதீர்கள். இங்கே இப்போதுதான் குளிர் தலைகாட்டுகிறது. வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "அப்பா செங்கொடி பிடித்து நடந்தவர். அவர் பெற்ற பிள்ளை நீ, அங்கே போய் டிரம்ப் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறாயே, உனக்கு என்னடா ஆச்சு?" என்றீர்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். அது தப்பு. உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டினால் சண்டைதான் மிஞ்சும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மன்னார்குடி பந்தலடியில் மேடை போட்டு நீங்கள் மாநில சுயாட்சி பேசியதைச் சின்ன வயதில் நின்று கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைக்கு என்ன பாடம், நம் வரிப்பணத்தை எதில் போடுவது என்பதை டெல்லியில் உட்கார்ந்து ஏன் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். நீட் தேர்வு வந்தபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். அண்ணா, நான் இங்கே கேட்பதும் அதேதான். டெல்லி இருந்த இடத்தில் வாஷிங்டன் இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பத்தாவது திருத்தம் 1791-இல் வந்தது. மத்திய அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சொந்தம் என்று அது சொல்கிறது. குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும்போது அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் மேடையில் கேட்டதை இவர்கள் 200 வருஷத்துக்கு முன்பே சட்டமாக்கி வைத்திருக்கிறார்களே என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது.

அது ஏட்டில் மட்டும் இருந்தால் நான் மயங்கியிருக்க மாட்டேன். இங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் கூடும், அதுவும் 140 நாள். மாநிலத்துக்கு வருமான வரி கிடையாது. அதற்குப் பதில் வீட்டு வரி கழுத்தைப் பிடிக்கும். ஆனால் அதை எதிர்த்து நாமே நேரில் போய் வாதாடலாம். இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டின் மதிப்பை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். மே மாதக் கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதிகாரிகள் இல்லை, ஊர்க்காரர்கள். ஒரு அம்மா ரிடையர்டு டீச்சர் என்று பிறகு சொன்னார். இந்த ஊர் மண் நம் பக்கத்துக் களிமண் மாதிரிதான், வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் அஸ்திவாரம் இறங்கி, சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை விரிசல் ஓடியிருந்தது. அந்த விரிசலில் ஒரு நாணயத்தைச் செருகிப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். டீச்சர் அம்மா போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கதவு சாத்த முடிகிறதா?" என்று கேட்டார். முடியவில்லை என்றேன். கால் மணி நேரத்தில் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை, யார் காலிலும் விழவில்லை. நம் ஊரில் பட்டா மாற்ற அப்பா தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஷெரீப், நீதிபதி, ஸ்கூல் போர்டு என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஓட்டுப் போட வேண்டும். ரயில்ரோடு கமிஷனர் என்று ஒரு பதவி உண்டு. பெயர்தான் ரயில், பார்ப்பது எண்ணெயும் எரிவாயும். இந்த மாதம் 4-ஆம் தேதி நடந்த தேர்தலில் மாநில அரசியல் சட்டத்துக்கு 17 திருத்தங்கள் வாக்குச்சீட்டில் இருந்தன, பதினேழும் ஜெயித்தன. அதில் ஒன்று, சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி வரியில் கழிக்கும் தொகையை ஒரு லட்சம் டாலரிலிருந்து 1,40,000 ஆக்கியது. முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் பதினேழையும் படித்து, பெரியவளோடு விவாதித்துவிட்டுப் போய்ப் போட்டேன். முடிவெடுக்கிறவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். என்னைப் பழமைவாதி என்று சொல்வதானால் இதற்காகச் சொல்லுங்கள்.

மாநில உரிமை என்ற பெயரில்தான் இங்கே அடிமை முறையையும், பிறகு கறுப்பர்களை ஒதுக்கி வைத்ததையும் நியாயப்படுத்தினார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். 1964-இல் சிவில் உரிமைச் சட்டத்தை வாஷிங்டன் போட்டிருக்காவிட்டால் தெற்கு மாநிலங்கள் தாமாக மாறியிருக்காது. அதற்கு அடுத்த வருஷம் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவே திறந்திருக்காது. என் கட்சிக்காரர்கள் சிலர் இதைப் பேசவே தயங்குவார்கள். நான் தயங்குவதில்லை.

அடுத்து எல்லை விவகாரம். நீங்கள் டிவியில் பார்த்துக் கொதிப்பது இதற்குத்தான் என்று தெரியும். நான் 1999-இல் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தேன். ஏழு வருஷம் கழித்து, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் க்ரீன் கார்டு, 2012-இல் குடியுரிமை. பதிமூன்று வருஷம் ஒவ்வொரு தாளையும் சரியாகக் கொடுத்து வரிசையில் நின்றவன் நான். எனக்குப் பின்னால் வந்த நம் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வேலை அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 க்ரீன் கார்டு, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. இத்தனை பெரிய இந்தியாவுக்கும் அதே ஏழுதான். என்னோடு வேலை பார்க்கும் கும்பகோணத்துத் தம்பி ஒருவர் பதினான்கு வருஷமாகக் காத்திருக்கிறார். அவர் மகனுக்கு 21 வயதானால் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவான், தனியாக விசா தேட வேண்டும். நாலு வயதில் வந்த பையன். இப்படி இருக்கும்போது, 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பேர் தெற்கு எல்லையைத் தாண்டி வந்து பிடிபட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாவப்பட்டவர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கிறவனை முட்டாளாக்குகிற ஒரு நாடு வரிசையைக் காப்பாற்ற முடியாது. ரேஷன் கடையில் பின்வாசல் வழியாக மூட்டை போவதைப் பார்த்து நீங்கள் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? முன்வாசலில் நின்ற ஜனங்களுக்காகத்தானே போட்டீர்கள்? இந்த வருஷம் எல்லையில் பிடிபடுகிறவர்களின் எண்ணிக்கை மாதத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்று இறங்கியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். குடியேற்றத் துறையின் முகமூடி போட்ட ஆட்கள் குழந்தைகள் கண்ணெதிரே அப்பாவை இழுத்துப் போவதை வரவேற்கவில்லை. சட்டத்தை அமல்படுத்துகிறவன் முகத்தைக் காட்ட வேண்டும்.

பெரியவள் இந்த வருஷம் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள். ஹார்வர்டு வழக்கைப் பற்றி நீங்கள் முன்பே கேட்டீர்கள். 2023 ஜூன் 29-ஆம் தேதி, இனத்தைப் பார்த்துக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் வெளியான ஆவணங்களில், ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் எல்லாம் இருந்தும் 'பெர்சனல் ரேட்டிங்' என்ற இடத்தில் மட்டும் சராசரியாகக் குறைவாகப் போட்டிருந்தார்கள். அதாவது குணத்துக்கு மார்க் குறைவு. நேரில் பார்க்காத ஆபீசர் ஒருவர் என் மகளின் குணத்துக்கு மார்க் போடுவதா? அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. நீங்களும் நானும் இட ஒதுக்கீட்டில் படித்தவர்கள்தானே என்பீர்கள். ஆமாம், அதை ஒருநாளும் மறக்கமாட்டேன். ஆனால் நம் ஊரில் யாருக்கு எவ்வளவு என்று அரசாணை போட்டு, ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். யாரும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். இங்கே மூடிய அறைக்குள் நடந்தது. டெக்சஸில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. ஆஸ்டினில் மட்டும் கூட்டம் அதிகம், அடுத்த வருஷத்திலிருந்து அது ஐந்து சதவீதம். ஏழைப் பள்ளிக்கும் பணக்காரப் பள்ளிக்கும் அதே கணக்கு. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. அவள் ஏழு சதவீதத்தில் நிற்கிறாள். வீட்டில் டென்ஷன்.

இப்போது நீங்கள் சந்தோஷப்படும் பகுதிக்கு வருகிறேன். திருப்பூரைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டார் டிரம்ப். நம் சித்தப்பா மகன் கம்பெனியில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். அவன் நம் ரத்தம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஜனாதிபதி நெருக்கடி என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு அதை எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மாதம் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. ஆபீஸ் போகும் வழியில் காரில் அந்த வாதத்தை முழுக்கக் கேட்டேன். பழமைவாத நீதிபதிகளே அரசு வக்கீலைத் துளைத்தெடுத்தார்கள். தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம். ஒபாமா ஆணை போட்டு ஆட்சி நடத்தியபோது கூச்சல் போட்ட எங்கள் ஆட்கள், டிரம்ப் இந்த ஒரே வருஷத்தில் 200-க்கு மேல் ஆணை போட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அவமானமாக இருக்கிறது. புது எச்-1பி ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று செப்டம்பரில் அறிவித்ததும் அப்படி வந்த ஒன்றுதான்.

அதே செப்டம்பரில் ஹூஸ்டன் பக்கத்தில் சுகர்லேண்ட் அஷ்டலட்சுமி கோயிலில் இருக்கும் 90 அடி ஆஞ்சநேயரைப் பற்றி, எங்கள் கட்சியில் செனட் சீட்டுக்கு நின்ற ஒருவர் இழிவாகப் பேசினார். பொய்க் கடவுளின் சிலையை டெக்சஸில் ஏன் விடுகிறோம் என்றார். அன்று இரவு கட்சி அலுவலகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். வழிபாட்டு உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது, அதைக் காப்பாற்றத் தெரியாதவர் எதைக் காப்பாற்றப் போகிறார் என்று கேட்டேன். கட்சியை விட்டு நான் விலகவில்லை. விலகினால் உள்ளே இருந்து கேட்க ஆள் இருக்காது.

அப்புறம் கடன். எனக்குத் தூக்கம் கெடுவது இதில்தான். அமெரிக்காவின் கடன் போன மாதம் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2024 நிதியாண்டில் வட்டிக்குப் போன பணம் ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. 1998 முதல் 2001 வரை நான்கு வருஷம் இதே நாடு பட்ஜெட்டில் மிச்சம் பிடித்தது. அப்போது கிளிண்டன் ஜனாதிபதி, நாடாளுமன்றம் எங்கள் கட்சியின் கையில். ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்ததில் செலவு அடங்கியது. இப்போது எல்லாம் எங்கள் கையில் இருந்தும், ஜூலை 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட வரிக்குறைப்பு மசோதாவால் பத்து வருஷத்தில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கத்தைப் பூட்டி வைத்தார்கள், அதிலும் ஒரு காசு மிச்சமாகவில்லை. விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள்.

குறுவைக்கு வாங்கிய கடனுக்கு அப்பா வட்டி கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அறுவடை முடிந்து களத்திலேயே மூட்டையை அளந்து கொடுத்துவிட்டு, வெறும் சாக்கை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அசல் அப்படியே நிற்கும். அம்மா ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அந்தச் சாக்கு உதறும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கடன் என்றால் எனக்கு அதுதான், அது மன்னார்குடியாக இருந்தாலும் சரி, வாஷிங்டனாக இருந்தாலும் சரி.

ஏழைகளுக்கு அரசாங்கம் செய்யாவிட்டால் யார் செய்வது என்று கேட்டீர்கள். 2021 பிப்ரவரியைச் சொல்கிறேன். டல்லாஸ் பக்கம் மைனஸ் 19 டிகிரிக்குப் போயிற்று, மின்சாரம் நின்றது. சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். வியட்நாம் போரில் இருந்தவர், ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். அதுவரை கையசைப்பதோடு சரி. "எங்கள் வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, எல்லோரும் வாருங்கள்" என்றார். மூன்று நாள் அவர் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தோம். அவர் சர்ச் ஆட்கள் தண்ணீர் கேன் கொண்டுவந்து தெரு முழுக்கக் கொடுத்தார்கள். எங்களிடம் இருந்த அரிசியில் அடுப்பிலேயே கஞ்சி வைத்து எல்லோரும் குடித்தோம். என்ன மதம், எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிரில் டெக்சஸில் 246 பேர் செத்தார்கள் என்பது அரசுக் கணக்கு. மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்று தனியாக மின்கட்டமைப்பு வைத்திருந்த மாநிலம் இது. குளிருக்குத் தயார் செய்யாமல் விட்டது மாநிலத்தின் குற்றம். பிறகுதான் கட்டாயச் சட்டம் போட்டார்கள். சுயாட்சி கேட்கிறவன் பொறுப்பையும் ஏற்க வேண்டும், அன்று ஏற்கவில்லை. தாத்தாவின் விறகு அடுப்பு ஒரு தெருவைத்தான் காப்பாற்றும் என்று எனக்கும் தெரியும். இந்த ஒரு இடத்தில் உங்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அண்ணா.

தாத்தா போன வருஷம் தவறிவிட்டார். வியாழக்கிழமை பாட்டியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். அவருக்குச் சாம்பார் சாதம் பிடிக்கும்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஜனவரி 10-ஆம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். அப்பாவின் பச்சை அட்டைக் கணக்கு நோட்டு பரணில் டிரங்குப் பெட்டியில் இருக்கும். கரையான் ஏறுவதற்குள் எடுத்து வெயிலில் வையுங்கள். எந்த வருஷம் அந்தக் கடன் அடைந்தது என்று அதில் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

உங்கள் அன்புத் தம்பி