நந்தனாருக்கு வில்லன் எங்கிருந்து வந்தான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்திப் படங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், அந்தக் காலத்துப் படங்கள் புராணத்தை அப்படியே திரையில் காட்டின என்று ஒரு வரி. அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான நந்தனாரைப் பற்றிய படங்களை வைத்துப் பார்த்தால் அந்த வரி நிற்காது.

கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி நடித்த 1935 படமானாலும் சரி, தண்டபாணி தேசிகர் நடித்த 1942 ஜெமினி படமானாலும் சரி, இரண்டிலும் கதையை நகர்த்துபவர் வேதியர் என்ற பண்ணை முதலாளி. சிதம்பரம் போக அனுமதி கேட்கிறார் நந்தனார். முதலாளி விடுவதாக இல்லை. அந்த வேதியர் பெரிய புராணத்தில் கிடையவே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதாகாலட்சேபமாக, அதாவது பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்வதற்கு, எழுதிய தம் 'நந்தனார் சரித்திர'த்துக்காகச் சேர்த்த பாத்திரம் அவர். ஒரே இரவில் 40 வேலி நிலம் அறுவடையாகும் அற்புதமும் பாரதியார் கைவண்ணம்தான். (புராணத்தை மீறியதாலும் இலக்கணப் பிழைகளாலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் என்ற பாராட்டுப் பாடல் தராமல் இழுத்தடித்தாராம். அவருடைய மாணவர் உ.வே.சா. எழுதியிருக்கிறார்.)

பெரிய புராணம் பாடிய சேக்கிழாரின் நந்தனார் எந்தப் பண்ணைக்கும் ஆள் இல்லை. பறைத்தொழிலுக்காக ஊர் விட்ட மானிய நிலத்தில் பிழைக்கிறவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனை என்ற வாசனைப் பொருளும் கொடுக்கிறவர். அவர் 'நாளைப் போவேன்' என்று தள்ளிப்போட்டதற்குக் காரணம் மனிதர் எவரும் இல்லை, தம் பிறப்பை நினைத்து வந்த தயக்கம். தில்லை என்கிற சிதம்பரத்தின் எல்லைக்குப் போன பிறகும் உள்ளே நுழையாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அப்போது கனவில் இறைவனே வந்து, 'இப்பிறவி போய்நீங்க எரியினிடை நீமூழ்கி' வா என்கிறார். தீயை வளர்க்கும்படி தில்லைவாழ் அந்தணர்களுக்கும் அவரே சொல்கிறார். தீயிலிருந்து நந்தனார் பூணூல் அணிந்த முனிவராக வெளியே வருகிறார்.

படிக்கிறவரை இந்த இடம் உறுத்தாமல் விடாது. அடியாரை அப்படியே உள்ளே அழைக்காமல் அந்தப் பிறவி போகட்டும் என்று இறைவன் ஏன் சொன்னார்? சைவம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இதைச் சினிமா எப்படிச் சமாளித்தது? வேதியரைக் காட்டியது. தடுத்தது ஒரு கல்நெஞ்சக்காரர், அவரும் மனம் மாறிவிட்டார் என்றதும் பார்க்கிறவருக்குக் கோபம் தணிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் தீ, கண்ணுக்கு நிறைவான கடைசிக் காட்சியாகிறது. அதை யார் கேட்டார், ஏன் கேட்டார் என்று யோசிக்க நேரமில்லை. படம் எடுத்தவர்கள் திட்டமிட்டு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு மணி நேரக் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார், பாரதியார் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். ஆனால் விளைவு விளைவுதானே! திருப்புன்கூரில் நந்தனார் வெளியிலிருந்தே சிவனைக் காண விலகி நிற்கும் நந்தியைப் பார்க்க வருகிறவர்களிடம் கதை கேட்டுப் பாருங்கள், சேக்கிழார் சொன்னதைவிட வேதியர் கதையே அதிகம் வரும்.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில்தான், 1939இல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனார். யாரும் தீக்குளிக்க வேண்டியிருக்கவில்லை. 1942இல் கொட்டகையில் உட்கார்ந்து அந்தத் தீயைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைக் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம்.

அப்புறம் ஒன்று. 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் என்.எஸ். கிருஷ்ணன் செய்த கிந்தனார் காலட்சேபம் கட்டுரையில் இல்லை. அதே கதாகாலட்சேப பாணிதான், ஆனால் கிந்தன் சிதம்பரத்துக்குப் போகவில்லை, படிப்பைத் தேடிப் பட்டணம் போகிறான். நகைச்சுவைக் காட்சி என்று அதை ஒதுக்கிவிடாமல், தொடர்ச்சி எழுதுவதாக இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சீர்காழி