ஒன்பது லட்சம் கைக்கு எவ்வளவு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆஃபர் லெட்டர் பார்த்தேன். ஒன்பது லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 75,000 என்று வாடகைக்கு வீடு தேடவே ஆரம்பித்திருப்பாய். கொஞ்சம் பொறு. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறதே, உன் சம்பளம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்பதில் 90,000 வேரியபிள். கம்பெனியின் லாபத்தையும் உன் ரேட்டிங்கையும் பார்த்து, வருஷம் முடிந்த பிறகு தருவது. அதை நம்பிக் கடன் வாங்காதே. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 37,500. அதில் 12 சதவீதம், அதாவது 4,500, கம்பெனியின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு. வருஷத்துக்கு 54,000 ஆகிறது, அதையும் உன் சி.டி.சி.க்குள்ளேயே, அதாவது கம்பெனி உனக்காகச் செய்யும் மொத்தச் செலவான அந்த ஒன்பது லட்சத்துக்குள்ளேயே, போட்டுவிட்டார்கள். அதே ஒன்பதுக்குள்தான் கிராஜுவிட்டியும்; வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து: 37,500 × 15 ÷ 26, சுமார் 21,635. நிரந்தர வேலையில் ஐந்து வருஷம் முடிக்காமல் விலகினால் இது உனக்கு இல்லை. இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு 12,000, அதுவும் உள்ளேதான். இவ்வளவும் போக மாதம் 60,197. உன் பங்கு பி.எஃப். 4,500 பிடித்தால் கைக்கு 55,697. பி.எஃப். உன் பணம்தான், ஆனால் வீட்டுக்காரர் அதை வாடகையாக ஏற்கமாட்டார். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. புதிய வருமான வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி வராது.

கூடப் படித்தவளுக்குப் பன்னிரண்டு லட்சம் என்று புலம்பியிருந்தாய். அவளுடையது சொந்த மென்பொருளை விற்கும் ப்ராடக்ட் கம்பெனி, உன்னுடையது அடுத்தவருக்கு வேலை செய்துதரும் சர்வீஸ் கம்பெனி. உன் கம்பெனி கிளையண்டிடம் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறது. ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் சும்மா இருப்பவர் செலவு, ஆபீஸ் செலவு, லாபம் எல்லாம் அந்த பில்லுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் சம்பளம் ஏறாது. அவள் கம்பெனியில் ஒருமுறை எழுதிய மென்பொருளை ஆயிரம் பேருக்கு விற்கிறார்கள். வித்தியாசம் உங்கள் இருவர் மூளையில் இல்லை.

சம்பளம் உன்னைப் பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும். ஒவ்வொரு கிரேடுக்கும், அதாவது பதவி நிலைக்கும், ஒரு சம்பள ரேஞ்ச் உண்டு. உன் கிரேடுக்கு ஏழு லட்சத்திலிருந்து பதினொன்று லட்சம் என்று வைத்துக்கொள்; நடுவில் இருக்கும் ஒன்பதைத் தாண்ட எச்.ஆர். மேலிடத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே டீமில் இருப்பவரைவிட உனக்கு அதிகம் கொடுத்தால் மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே "கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்று கெஞ்சாதே. "இந்த கிரேடின் ரேஞ்ச் என்ன, நான் அதில் எங்கே இருக்கிறேன்?" என்று கேள். ரேஞ்சின் உச்சியில் இருந்தால் இன்கிரிமென்ட் (வருஷ உயர்வு) சுருங்கும்.

பழைய சம்பளத்தை நீயாக முதலில் சொல்லிவிடாதே. அதன்மேல் முப்பது சதவீதம் போட்டு முடித்துவிடுவார்கள். தொடக்கத்தில் விட்டது சுலபத்தில் திரும்பாது, ஏனென்றால் உயர்வு சதவீதத்தில்தான் வரும். ஆறு லட்சமும் ஏழு லட்சமும் வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறினால், ஐந்து வருஷத்தில் 9.66, 11.27. ஒரு லட்சமாக இருந்த இடைவெளி 1.61 லட்சம்.

கோயம்புத்தூர் கிளை என்றால் அதே கிரேடுக்குக் குறைவு என்றார்களா? அது ஊர் வைத்த விலை. மத்திய அரசுகூட வீட்டு வாடகைப் படியை சென்னைக்கு பேசிக்கில் 30 சதவீதம், கோவைக்கு 20, சிற்றூர்களுக்கு 10 என்றுதான் வைத்திருக்கிறது. ஆனால் கோவை வாடகையையும் கணக்கில் எடுத்துப் பார், ஒருவேளை அங்கேதான் மிஞ்சும்.

ஜாயினிங் போனஸ் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதை மெயிலில் கேட்டு வாங்கு, வாய்வார்த்தை வேண்டாம். பதில் வந்ததும் அனுப்பு, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அம்மா