லயத்தை இடம் மாற்றுவோர் கூரையில் கை வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகு, இனி இங்கே இருக்க முடியாது, வேறு காணிக்குப் போங்கள் என்ற பேச்சு இலங்கையின் மலையகத்தில் மறுபடியும் வலுத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியபோதும் இதே பேச்சுதான். காணி எங்கே, எத்தனை பேர்ச்சஸ் (காணி அளவு), உறுதி யார் பெயரில் என்றெல்லாம் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டை எந்த ஒழுங்கில் கழற்றி, எந்த ஒழுங்கில் மறுபடி எழுப்புவது என்று யாரும் வாய் திறப்பதில்லை. தோட்டக் கட்டட வேலையிலேயே காலம் தள்ளும் மேசன்மாரும் தச்சர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புதுக் காணியில் மண்வேலையும் கானும் (மழைநீர் வடிகாலும்) முடியாமல் பழைய லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், ஒரு தகரத்தையும் கழற்ற வைக்கக் கூடாது. உதவிப் பணத்தின் முதல் தவணை அந்த மண்வேலைக்கே வர வேண்டும்.

வெளிநாட்டில் முழு வீட்டையும் இரும்புத் தீராந்திகளில் தூக்கி லொறியில் இழுத்துப் போகும் காட்சிகளைப் பலரும் தொலைபேசியில் பார்த்திருப்பார்கள். அவை பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். சட்டம் முழுவதும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால் தூக்கினாலும் குலையாது. நம் பழைய லயச் சுவர் கருங்கல்லும் மண்ணும் சுண்ணாம்புச் சாந்தும். பாரம் மேலிருந்து அமுக்கும் வரைதான் அது நிற்கும். அடியில் ஜக் வைத்து உயர்த்தினால் கல் கல்லாகப் பிரிந்துவிடும். ஆகவே இங்கே இடம் மாற்றுவது என்றால் கழற்றி எடுத்துப் போவதுதான்.

கழற்றுவதிலும் லயத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கூரை முழு வரிசைக்கும் ஒன்று. இரண்டு காம்பராவுக்கு (ஒரு குடும்பத்தின் அறைக்கு) நடுவில் இருப்பது பொதுச் சுவர். நடுவில் உள்ள குடும்பம் மட்டும் முதலில் தன் தகரத்தை எடுத்தால், திறந்த வாயால் காற்று உள்ளே புகுந்து பக்கத்துக் கூரையைக் கீழிருந்து தூக்கும். தீராந்தியை உருவினால் பொதுச் சுவர் பிடிப்பில்லாமல் நிற்கும். ஒரு நல்ல மழையில் அது அடுத்த வீட்டுக்குள் சாயும். பெயர்ப் பட்டியலில் இருப்பவரை மட்டும் அனுப்பி, மற்றவரை அதே லயத்தில் விட்டுவைப்பது அதனால்தான் ஆபத்து. முழு வரிசையையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். முடியாவிட்டால், போகிறவர் காம்பராவின் கூரையை அப்படியே விட்டு, புது வீட்டுக்குப் புதுத் தகரம் கொடுக்க வேண்டும்.

ஆபத்தான லயத்தில் ஆட்கள் தங்கட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இதுதான். 75ஐத் தொட்டதும் கழற்றும் வேலையும் நிற்க வேண்டும். தரையில் வெடிப்பு ஓடி, கதவு நிலை கோணலாகிப் பூட்ட முடியாமல் போன லயமாக இருந்தால், அதில் ஒரு பலகைக்காகவும் ஏறக் கூடாது. அந்தச் சாமானை மறந்துவிட வேண்டியதுதான்.

புதுக் காணிக்கு வருவோம். 7 பேர்ச்சஸ் காணியை எடுத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 1,906 சதுர அடி. 550 சதுர அடி வீட்டை 22 அடிக்கு 25 அடி என்று சதுரமாக வைத்து, பின்னால் 3 அடி விட்டு, 20 பாகைச் சரிவில் 25 அடி அகலத்துக்குத் தட்டையாக வெட்டினால் பின்னால் 9 அடி மண்திட்டு நிற்கும். திட்டு எத்தனை அடி உயரமோ அத்தனை அடியாவது சுவருக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்த இடைவெளிக்காக இன்னும் உள்ளே வெட்டினால் திட்டும் இன்னும் உயரும். 16 அடி ஆழம், 34 அடி நீளம் என்று சரிவின் குறுக்கே நீட்டி வைத்தால், அதே அளவு வீட்டுக்கு அடியில் உயர வித்தியாசம் 6 அடிக்குள் அடங்கும். பழைய லயங்களை மலையோரமாக நீளமாகக் கட்டியதில் இந்த நன்மையும் இருந்தது. ஒரே வரைபடத்தை எல்லாச் சரிவுக்கும் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி, அதன்மேல் அத்திவாரம் போடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. பின்பாதி கெட்டி மண்ணில், முன்பாதி நிரப்பிய மண்ணில் நிற்கும். முதல் மழைக்காலத்திலேயே நடுச்சுவரில் மேலிருந்து கீழ்வரை கீறல் விழும். வீடு வெட்டிய பாகத்தில்தான் நிற்க வேண்டும். முற்றத்துக்கு நிரப்பினாலும் 6 அங்குலத் தட்டுத் தட்டாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். தேயிலைக் காணியாக இருந்தால் செடியை மட்டத்தோடு வெட்டிவிட்டு மண் போடவே கூடாது. ஆணிவேர் ஆழம் போனது. அது உக்கும்போது உள்ளே வெற்றுக் குழி விழுந்து, நீர் அதன் வழியே இறங்கும். பக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) ஒரு நாளில் வெட்டித் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. வேரைக் கிளறி எடுக்க ஆள் வேண்டும்; அந்த நாட்கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய சுவரின் கருங்கல் அணைச்சுவருக்குக் கைகொடுக்கும். ஆனால் அத்திவாரமும் அணைச்சுவரும் லயத்தைப் பிரிப்பதற்கு முன்பே தேவைப்படுவதால், ஓரத்துச் சமையல் கொட்டில், உடைந்த படிக்கட்டு போன்றவற்றின் கல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். போதாததற்குப் புதுக் கல் இறக்க வேண்டும். அணைச்சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குல பீ.வி.சி. குழாயைக் கீழ்ச்சரிவாக வைத்து, சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்ப வேண்டும். குழாய் வைக்காத சுவர் மண்ணின் பாரத்தில் விழுவதைவிட, பின்னால் தேங்கும் நீர் தள்ளித்தான் அதிகம் விழுகிறது.

நீரின் கணக்கைப் பார்த்தால்தான் கானின் அருமை தெரியும். 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,100 லீற்றர் நீர். 12 வீடு என்றால் 61,000 லீற்றருக்கு மேல், ஒரே நாளில், ஒரே சரிவில். பீலியும், வெட்டிய திட்டுக்கு மேலே ஒரு கானும், வீட்டுக்குப் பின்னால் கொங்கிரீட் கானும் இல்லாவிட்டால் அத்தனையும் கீழ் வரிசை வீடுகளின் அத்திவாரத்துக்குத்தான் போகும். கான் ஓடையில் போய்ச் சேர வேண்டும். காணி எல்லையோடு நின்றால் அது கான் அல்ல. மலசலகூடக் குழியை நிரப்பிய மண்ணிலும், அணைச்சுவருக்குப் பின்னாலும் வெட்டக் கூடாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கழற்றல். லயம் குடும்பத்தின் சொத்து இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் இந்த நிலை மாறவில்லை. தகரம், நிலை, கதவு, கல் என்று எதை எடுக்கலாம் என்பதைத் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை அதை வழங்கும் நிறுவனத்தின் ஆள் வந்து துண்டிக்கட்டும்.

முகட்டுத் தகரம் முதலில். பிறகு, கடைசியாகப் போட்ட தகரத்தில் தொடங்கி, போட்ட ஒழுங்குக்கு எதிராக வர வேண்டும். ஆணியை அலவாங்கால் நெம்பும்போது அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் தகரத்தின் வளைவு நசுங்காது. திரும்பப் போடும்போது பழைய ஓட்டையிலேயே ஆணி அடித்தால் பிடிக்காது, ஒழுகும்.  பழைய ஓட்டைகளைத் தார் வளையம் வைத்து அடைக்க வேண்டும். மேல் தகரத்தின் நுனி கீழ்த் தகரத்தின்மேல் குறைந்தது 6 அங்குலம் ஏறி உட்காரட்டும். சரிவு குறைந்த கூரைக்கு 9. அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். மின்வாளால் அறுக்கவோ, உடைந்த துண்டை முற்றத்தில் பரப்பவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பழைய அஸ்பெஸ்டஸைப் புது வீட்டுக்குக் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது.

கைமரங்களுக்கு இறக்கும் முன்பே வர்ணத்தால் இலக்கமிட வேண்டும். சுவரில் புதைந்திருந்த நுனியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும் டர்பன்டைன் மரம் கூட அங்கே உக்கியிருக்கும். இரு நுனியிலும் அரை அடி வெட்ட நேர்ந்தால் மரம் ஒரு அடி குறையும். ஆகவே அத்திவாரம் போடும் முன்பே, கூரையில் இருக்கும்போதே கைமரத்தை அளந்து, இந்தக் குறைவையும் கழித்துத்தான் புது வீட்டில் சுவருக்குச் சுவர் உள்ள அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். நிலைகளுக்குக் கீழே குறுக்குச் சட்டம் அடித்துத் தூக்கினால் கோணாது. சீமெந்துச் சாந்தில் கட்டிய பிளாக் கற்களைக் காப்பாற்ற நினைப்பது வீண் கூலி. எடுப்பதைவிட உடைவதே அதிகம்.

காலமும் இடத்துக்கு இடம் வேறு. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரிக் கடைசி தொடங்கி மார்ச் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை. ஆனால் அது கச்சான் காற்றின் காலம், ஏற்றிய தகரத்தை அன்றே அடித்து முடிக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் எங்குமே கூரையைத் திறக்காதீர்கள். தோட்டப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் நீள மரம் ஏற்றிய லொறி திரும்பாது. பட்டா ரகச் சிறிய லொறியோ டிராக்டரோதான் சரி.

கடைசியாகத் தோட்ட நிருவாகங்களுக்கு. ஆட்கள் போனதும் பழைய இடத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். திறந்து கிடக்கும் மலசலகூடக் குழி, பிடுங்கிய அத்திவாரப் பள்ளம், உடைந்த தண்ணீர்க் குழாய் மூன்றும் மழைநீரை நேரே மலைக்குள் இறக்கும். அதற்குக் கீழே இன்னொரு லயம் இருக்கும். குழிகளைக் களிமண்ணால் நிரப்பி இறுக்கி, குழாயின் வாயை அடைத்து, பழைய கான்களைத் தூர்வாரும் வேலையைக் கடைசி லொறி போன அதே வாரத்தில் முடியுங்கள். அதற்கான ஆள்கூலி இடமாற்றச் செலவில் முதலிலேயே எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டக் கட்டட வேலை செய்யும் மேசன்மாரும் தச்சர்களும்,
ஹட்டன்.