திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் லைனை அடைக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரிடர் நேரத்தில் போன் கிடைக்காமல் போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசும்படி நெட்வொர்க் கட்டாதது கம்பெனிகளின் கஞ்சத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான், இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச மாட்டார்கள் என்ற கணக்கில்தான் எந்த நெட்வொர்க்கையும் கட்டுகிறார்கள். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்ற கணித நிபுணர் 1917-லேயே இதற்குச் சூத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டார். நூற்றில் ஒரு அழைப்புக்கு மேல் தவறக்கூடாது என்று வைத்துக்கொண்டால், 10 லைன் ஒரே நேரத்தில் சராசரியாக நாலரை அழைப்பைத் தாங்கும், 100 லைனைச் சேர்த்துப் பொதுவில் வைத்தாலோ 84 அழைப்பைத் தாங்கும். லைன் பத்து மடங்கு, தாங்குவது கிட்டத்தட்ட பத்தொன்பது மடங்கு! ஆளுக்கொரு லைன் என்று பிரித்துக் கொடுத்தால் இந்த லாபம் அத்தனையும் போய்விடும்.

சரி, எல்லோரும் ஒரே நேரத்தில் ரிசீவரை எடுத்துவிட்டால்? டயல் டோன் வரக் கொஞ்சம் தாமதமாகும். பொறுத்திருந்தால் வந்துவிடும். ஆனால் பதற்றத்தில் இருப்பவர் டக் டக்கென்று வைத்து வைத்து எடுப்பார், ஒவ்வொரு தடவையும் எக்ஸ்சேஞ்சுக்கு அது புது வேலை, அவரும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும், பக்கத்தில் காத்திருப்பவருக்கும் தாமதம் கூடும்.

இன்டர்நெட்டும் இதே பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு மீட்டர் தள்ளியிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. கேபிள் அறுந்து போகவில்லை. இன்டர்நெட்டில் தகவல் பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், அந்தப் பாக்கெட் போய்ச் சேரவில்லை என்று நினைத்த கம்ப்யூட்டர்கள் அதையே மறுபடி மறுபடி அனுப்பி வழியை அடைத்துவிட்டன. அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் கண்ட வழி, அனுப்புகிற கம்ப்யூட்டரே அடங்கிப் போவது: கொஞ்சமாகத் தொடங்கு, போய்ச் சேர்ந்தால் கூட்டு, ஒரு பாக்கெட் தொலைந்தால் உடனே வேகத்தைக் குறை. இன்றைக்கும் இன்டர்நெட் நிற்பது இந்த அடக்கத்தால்தான். பெரிய கேபிளைப் போட்டு மட்டும் இதைச் சரிசெய்திருக்க முடியாது.

கம்பெனிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே வீட்டு போனுக்கு மின்சாரம் போகும், ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். இன்று கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் செல்போன் டவர் அணைந்தால் அதைக் கட்டாயம் தட்டிக் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி நடக்கும்போது முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: பேசுவதற்குப் பதில் எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட்தான், அதாவது 1,120 பிட், எக்ஸ்சேஞ்சில் ஒரு நொடிப் பேச்சு பிடிக்கும் 64,000 பிட்டில் ஐம்பதுக்கு மேல் அடங்கிவிடும். வழி கிடைக்காவிட்டால் அது காத்திருந்து, கிடைத்ததும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஊழியர் ஒருவர்