பெற்றோர்களுக்கு: முதல் பருவ நிறைவும் காகித இலை வேலையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு நடந்து விடைத்தாள்களும் கைக்கு வந்துவிட்டன. விளையாட்டில் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், கலைத் திருவிழாவிலும் மேடை ஏறினார்கள். காலை உணவு தடங்கலில்லாமல் நடக்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

விடுமுறையில் கொடுத்த காகித வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பருவங்கள் பற்றிய பாடத்தை ஒட்டி, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொங்கவிடும் இலையும் பூசணியும் செய்துவரச் சொல்லியிருந்தோம். வடக்கே உள்ள குளிர் நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையின் பச்சையம் சிதைந்து, அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்களில் சிவப்பு புதிதாகவே உண்டாகும். நம் கடற்கரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை என்றால் வாடைக்காற்றும் மழையும்தான். ஆனாலும் வாதாங்கொட்டை மரத்து இலை உதிருமுன் கருஞ்சிவப்பாகிறது, பூவரசு மஞ்சளாகிறது. உதிர்ந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்துப் பிள்ளை நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நோக்கம்.

வந்து சேர்ந்தவற்றின் அழகில் குறை சொல்ல முடியாது. தெர்மோகோல் பூசணி, ஜிகினா தூவிய கொத்து, அளவு பிசகாத மேப்பிள் இலை எல்லாம் வந்தன. ஆனால் பெரியவர் வெட்டியதும் ஒன்பது வயதுப் பிள்ளை வெட்டியதும் ஆசிரியருக்குத் தெரியும். வளைவில் பிள்ளையின் கத்தரி நின்று நின்றுதான் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓரத்தில் சின்ன முனை ஒன்று எழும்பும். பல இலைகளில் அந்த முனையே இல்லை.

உங்கள் அக்கறை புரிகிறது. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கியதிலும் வீட்டுப் பெரியவர்கள் செய்ததிலும் பிள்ளை பெயரை எழுதி அனுப்பாதீர்கள். இனி அப்படி வந்தால் வாங்கிக்கொள்ள மாட்டோம், மதிப்பெண்ணும் கிடையாது. கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததே போதும்.

நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு வராந்தாவில் தொங்கவிட எல்லோரும் புதிதாகச் செய்ய வேண்டும். இலைக்கு 80 ஜிஎஸ்எம் (சாதாரண ஜெராக்ஸ் தாள் கனம்) கலர் தாள் போதும். சார்ட் வேண்டாம், நெருக்கமாக மடித்தால் மடிப்பில் வெடிக்கும். 20 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம், அதாவது இரண்டு இலை. நீளப் பக்கத்திலிருந்து தொடங்கி, முன்னும் பின்னுமாக 1 செ.மீ. அகலத்தில் கூர்முனை வரை மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பையும் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கட்டும். பிறகு பட்டையை நடுவில் இரண்டாக மடித்து, நீளப் பக்கத்தின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டு விரித்தால் பனையோலை விசிறி மாதிரி நரம்போடு இலை விரியும்.

பூசணிக்கு மட்டும் சார்ட். 2 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் 12 பட்டைகள். இரு முனையிலும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் துளை போட வேண்டும். மொத்தமாக அடுக்கிக் குத்தினால் துளை நகர்ந்துவிடும். இரண்டு மூன்றாகக் குத்துவதே நல்லது. பட்டைகளை ஸ்கேல் விளிம்பில் இழுத்து வளைத்துவிட்டு, அடியில் மணி கோத்து முடிந்த நூலை எல்லாத் துளைகளிலும் ஏற்றி, ஒவ்வொன்றாகச் சுற்றிப் பரப்பிய பின்பே மேலே கட்ட வேண்டும். இரு முடிச்சுக்கும் நடுவே 8 செ.மீ. இருந்தால் பூசணி போலச் சப்பையாக உட்காரும். 11 விட்டால் பந்தாகிவிடும். பரப்புமுன் இறுக்கினால் பட்டைகள் ஒரே பக்கம் சாயும். துளையருகே ஒரு சொட்டுப் பசை வைத்தால் நகராது.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். இந்தக் காற்றில் ஓரம் பெயர்ந்துவிடும், தாளிலும் மஞ்சள் கறை நிற்கும். மைதாப் பசை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும். ஃபெவிகாலை விரலால் மெல்லியதாக இழுத்தால் போதும். அதிகம் போனால் தாள் ஈரத்தில் உப்பிச் சுருங்கும். க்ரேப் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் ஈரம் பட்டால் சாயம் விடும். வண்ணத்துக்குக் கிரேயான் நல்லது.

தொங்கவிடப் பருத்தி நூலைவிடத் தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு) மேல். ஈரம் குடிக்காது, நூலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒற்றை முடிச்சு வழுக்கும்; மூன்று முடிச்சுப் போட்டு நுனியில் பசை வையுங்கள். மிச்சத் துண்டைக் கரையில் போடாமல் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள். பறவைக் காலில் சுற்றிக்கொள்ளும்.

விழா முடிந்ததும் அவரவர் செய்ததைத் திருப்பித் தருவோம். அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறிய மதிய நேரத்தில் எடுத்து, இலையை மடிப்போடு மூடி, செய்தித்தாள் இடையிட்டு, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் வையுங்கள். காலை ஈரத்தோடு மூடிவைத்தால் டின்னுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். தொங்கவிட்டிருக்கும்போது கடலைப் பார்த்த ஜன்னலும் அடுப்படியும் வேண்டாம்; சிவப்புத் தாளை நேர் வெயிலில் விட்டால் வெளுத்துவிடும்.

கூடவே உட்காருங்கள், அளந்து காட்டுங்கள், துளை போட உதவுங்கள். வெட்டுவதும் மடிப்பதும் பிள்ளை கையில் இருக்கட்டும். வலை வேலையில் மிஞ்சிய தங்கூசியைப் பள்ளிக்குக் கொடுத்தவர்களுக்கும், பழைய காலண்டர் தாள் சேர்த்துக் கொடுத்த தாய்மார்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளுக்காக நீங்கள் மெனக்கெடுவதை நாங்கள் அறிவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: கத்தரிக்கோல் மழுங்கிய முனை உள்ளதாக இருக்கட்டும். பிளேடு கொடுத்து அனுப்ப வேண்டாம். செய்ததை நவம்பர் 11க்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும்.